டாக்டர் மைக்கைப் பிடித்த சனிக்கிழமை

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் 'மூன்று படி' மதுக்கடையிலிருந்து ஃபெய்ஜோவாடாவின் மணம் கிளம்பித் தெருமுனை வரைக்கும் போய்விடும். கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் விடியற்காலையிலிருந்து ஒரே அண்டாவில் கொதித்த மணம். பன்னிரண்டேகாலுக்கு ஜாந்தீரா கிதாரைக் கையில் எடுப்பாள். பன்னிரண்டரைக்குப் பல் டாக்டர் ஒதாசீலியோ வந்து உட்காருவார். ஒன்றரைக்கு அவருக்குச் சங்கீதம் வந்துவிடும்.

அது எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஏதுமில்லை. கரும்பிலிருந்து காய்ச்சிய கஷாசா, கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குவளையில் வரும். முதல் குவளை முடியும்போது அவர் ரசிகர். இரண்டாவதில் தாளத்துக்குத் தலையை ஆட்டுவார்; தலை ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் போகும். நாலாவது உள்ளே இறங்கிவிட்டால் பிரேசில் நாட்டுச் சங்கீதம் மொத்தத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை பெலோ ஒரிசோன்டே நகரத்தில் வேறு யாரும் ஏற்றுக்கொள்ளவில்லையே என்ற வருத்தத்தோடு, மாமரத்தடி மேஜையிலிருந்து குரல் கொடுப்பார்.

"தப்பு. அந்த இடத்துல சுதி ஏறணும்மா ஜாந்தீரா. நீ இறக்குற."

ஜாந்தீரா சிரிப்பாள். நாற்பத்தாறு வயதில் பத்தொன்பது வருடம் மதுக்கடைகளில் பாடியே கழிந்திருந்தது. கல்யாண விருந்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் நாற்காலிகளால் பேசிக்கொண்டபோதுகூட ஒரு சரணத்தையும் விடாமல் பாடி முடித்தவள். குடிகாரனின் கண்ணைப் பார்க்கக்கூடாது, நெற்றியைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பாட்டை நடுவில் நிறுத்தினால் அதைப் பேச்சுவார்த்தைக்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்வான் என்பதும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மைக்கைக் கொடுக்கக்கூடாது. குடித்தவன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தால்கூட என்றைக்காவது திரும்பி வரும், மைக் வராது.

வேறொரு ஆளாக இருந்தால் கடை முதலாளி வால்டெமீரே தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பார். டாக்டர் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம். மார்ச் மாதம் வால்டெமீரின் மேல் வரிசைப் பற்கள் நாலைப் பிடுங்கியவர் ஒதாசீலியோதான். புதுப் பல் வருகிற வரைக்கும் ஒப்புக்கு ஒரு செட்டை மாட்டிவிட்டிருந்தார். அதோடு பேசினால் பாதி வார்த்தை விசிலாக வந்தது. வாயில் வேலை பாதியில் நிற்கும்போது டாக்டரைப் பகைத்துக்கொள்கிற அளவுக்கு வால்டெமீர் முட்டாள் இல்லை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் வாய் ஏதோ ஒரு விதத்தில் டாக்டர் கைவசம் இருந்தது. அதனால் அவர் வாயை மூடச் சொல்ல ஆளில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திருவிழாக் காகிதக் கொடிகள் முற்றம் முழுக்கத் தொங்கின. இடமில்லாமல் ஜனங்கள் வாசல் படியிலேயே பீருடன் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஜாந்தீரா, எழுதி ஒரு வருடமாக யாரிடமும் பாடிக்காட்டாத தன் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடத் துணிந்தாள். பெலார்மினோவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நம் கஞ்சிராவுக்கு அண்ணன் போலிருக்கும் பாந்தெய்ரோவைப் பதினோரு வருடமாக அவளுக்கு வாசிக்கிறவன். அதிகம் பேசமாட்டான்; பேசினால் கேட்டவர்கள் வருத்தப்படுவார்கள்.

பாட்டின் இரண்டாவது அடி முடியவில்லை.

"தப்பு," என்றார் டாக்டர். "மூலப் பாட்டுல அப்படி வராது."

ஜாந்தீரா அவர் நெற்றியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே பாடினாள்.

"நிறுத்தும்மா. மூலப் பாட்ட நான் கேட்டிருக்கேன். அது வேற மாதிரி."

அவள் நிறுத்தினாள். "மூலப் பாட்டே என்னுதுதான் டாக்டர். நான்தான் எழுதினேன்."

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "அப்போ எழுதும்போதே தப்பா எழுதிட்ட."

முற்றம் முழுக்கச் சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாப்பாடும் பீரும் உள்ளே போன மனிதர்கள் எதற்கும் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டை ஒரு வருடம் பொத்தி வைத்திருந்தவளுக்கு அது எங்கேயோ போய்க் குத்தியது. பத்தொன்பது வருட ஞானமும் அரை நிமிடத்தில் போன இடம் தெரியவில்லை.

"சரி டாக்டர். நீங்களே வந்து சரியாப் பாடிக் காட்டுங்க," என்று மைக்கைக் கழற்றி நீட்டினாள்.

பெலார்மினோ அவளைப் பார்த்தான். வாசிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டான்.

மனிதர் எழுந்து வந்து அவமானப்படுவார், அதோடு தொல்லை ஒழியும் என்பது ஜாந்தீராவின் கணக்கு. ஒதாசீலியோ வந்தார், மைக்கை வாங்கினார், கல்யாணத்தன்று குடையைத் தொலைத்துவிட்ட ஒரு மாப்பிள்ளையைப் பற்றிய பழைய கேலிப் பாட்டை எடுத்தார். பாதி வரி மறந்துவிட்டது. அந்த இடங்களில் கையை ஆட்டினார். குடையைத் தேடுவதற்காக மேஜைக்கு அடியில் குனிந்தார். ஒரு பெரியம்மாவின் கைப்பைக்குள் எட்டிப் பார்த்தார். சுதி அவருக்கு வேண்டாத சொந்தக்காரன் மாதிரி. எதிர்ப்பட்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். ஜனங்கள் மேஜையைத் தட்டினார்கள். பேருந்து ஓட்டுநர் நொனாட்டோ நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தான். ஐந்து பாட்டு.

அன்றைக்கு அந்த முற்றத்தில் யாராவது உருப்படியாகச் சங்கீதம் செய்தார்கள் என்றால், டாக்டர் போன சந்துகளுக்கெல்லாம் பின்னாலேயே ஓடி ஓடி, நாலு முறை சுதியை மாற்றி அவரைத் தாங்கிப் பிடித்த ஜாந்தீராவின் கிதார்தான். அதைக் கவனித்தது பெலார்மினோ ஒருவன்.

நாலு மணிக்கு ஜாந்தீரா மைக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வால்டெமீர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஜாந்தீரா, நீ ரொம்ப நாளா ஓய்வே எடுக்கல இல்ல."

"ஏன் அண்ணே? நான் கேட்டேனா?"

"இல்ல, பார்க்கப் பாவமா இருக்கு. அடுத்த வாரம், முதல் ஒரு மணி நேரம் டாக்டர் பாடட்டுமே. நீ வந்து சும்மா உக்காரு, சாப்பிடு. ஒண்ணரைக்கு மேல நீ ஆரம்பிச்சுக்கோ." விசில் வந்த இடங்களைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். "ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. நான் என்ன பண்றது."

"உங்க பல்லு எப்போ வருது அண்ணே?"

"இந்தச் செவ்வாய் இல்ல, அடுத்த செவ்வாய்க்கிழமை," என்றார் வால்டெமீர். உடனே முகம் சிவந்தது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

பெலார்மினோவிடம் திரும்பினாள். "நீ அந்தாளுக்கு வாசிக்கப் போறியா?"

"யாரு பாடுறாங்கன்னு பாந்தெய்ரோவுக்குத் தெரியாது ஜாந்தீரா."

"உனக்குத் தெரியுமில்ல."

"எனக்குத் தெரியும்." அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "எனக்கும் கடைவாய்ல ஒண்ணு ஆடுது."

அந்த வாரம் முழுக்க ஜாந்தீரா வேறு வேலையாக இருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் பேருந்தில் போகும்போதும், பாடுகிறவரைப் பார்த்துக் கத்துவதற்கான வாசகங்களைத் தயார் செய்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் மேல் வீசப்பட்டதெல்லாம் மறக்காமல் உள்ளே கிடந்தது. அதில் தரமானதாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி வைத்தாள். கத்துவது இத்தனை சுகமான தொழில் என்று யாரும் அவளுக்கு முன்பே சொல்லவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாமரத்தடி மேஜையில், டாக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு கஷாசா வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில், நீலப் பட்டுத் துணியைக் கழுத்தில் சுற்றியிருந்த ஒரு அம்மாள் வந்து, "இங்க உக்காரலாமா?" என்று கேட்டாள்.

"உக்காருங்க. நீங்க...?"

"ஸுல்மீரா. இன்னிக்குப் பாடுறாரே, அவரோட மனைவி."

ஜாந்தீரா குவளையைக் கீழே வைத்தாள். பொறுக்கி வைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

டாக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கோப்பு. பாட்டு வரிகளை வரிசை எண் போட்டு அதில் அடுக்கியிருந்தார். ஒரு சொட்டு குடிக்கவில்லை. தொழிலுக்கு மரியாதை கொடுக்கிறாராம். கிதாருக்குப் பதிலாக, பின்னணி இசையை ஃபோனில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்பீக்கரில் இணைத்தார். மைக்கைக் கையில் பிடித்து முற்றத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்போது தெரிந்த பயம், அவருடைய நாற்காலியில் படுத்து வாயைத் திறக்கிறவர்களின் முகத்தில் தினமும் தெரிவதுதான்.

"வணக்கம். முதல் பாடல்," என்றார். அது என்ன பாடல் என்று சொல்லவில்லை. மைக் இரைந்தது.

ஃபோன் இசை ஒரு சுதியில் தொடங்கியது, டாக்டர் இன்னொன்றில். போன வாரம் அவர் எந்தச் சந்தில் திரும்பினாலும் கிதார் பின்னாலேயே வந்தது. ஃபோனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது தன் வழியில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் துரத்தினார். பெலார்மினோ இரண்டுக்கும் நடுவில் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாதவனாக வாசித்தான். குடைப் பாட்டில் இந்த முறை ஒரு வரிகூட மறக்கவில்லை. கோப்பைப் பார்த்துப் படித்தார். குனிந்து தேடவும் இல்லை. போன வாரம் கைதட்டிய அதே ஜனங்கள் ஃபெய்ஜோவாடாவுக்குத் தொட்டுக்கொள்ளும் ஆரஞ்சுத் துண்டை ஒருவருக்கொருவர் நகர்த்தி, கார் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

"சத்தமா பாடு டாக்டர், ஈறு மரத்துப் போச்சா?" என்று ஒரு குரல். நொனாட்டோதான். வாரத்தில் ஆறு நாள் பேருந்தில் பயணிகளின் வசவைக் கேட்பவனுக்கு ஏழாவது நாள் திருப்பிக் கொடுக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. "அதை விடு. நம்ம கால்பந்துப் பாட்டு பாடு."

குடிகாரனுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று எந்தப் பாடகரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார். டாக்டருக்கு அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை. பாட்டை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, சங்கீதம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன வாரம் வரைக்கும் இந்தக் கடையில இருந்துச்சு."

சிரிப்பு. அக்கம்பக்கத்து மேஜைகள் கார் விலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பின. டாக்டர் குரலை உயர்த்தினார். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு கேளுங்க."

"முப்பது வருஷமா எங்களையெல்லாம் வாயைத் திற, வாயைத் திறன்னு சொன்ன மனுஷன்," என்றாள் கைப்பைக்காரப் பெரியம்மா. முற்றம் அதிர்ந்தது.

இதற்கு மேல் ஜாந்தீராவால் அடக்க முடியவில்லை. "தப்பு," என்று மாமரத்தடியிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்த இடத்துல சுதி ஏறணும் டாக்டர்."

உடம்பெல்லாம் சில்லென்று இனித்தது. பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. மெல்லத் திரும்பினாள். ஸுல்மீரா பன்றித்தோல் வறுவலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கத்துங்க," என்றாள். "குளியலறையில பாடுறத இருபத்தேழு வருஷமா நான் ஒருத்தியா கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் துணைக்கு ஆள் கெடச்சுது."

ஆனால் சொல்லிவிட்டு அவள் கணவனைப் பார்த்த விதத்தில் சிரிப்பு இல்லை. தட்டை நகர்த்தி வைத்தாள். டாக்டரின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அடுத்த பாட்டைத் தொடங்க வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஃபோன் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டு போயிற்று. நொனாட்டோ பீர் குவளையுடன் எழுந்து, "கொடு டாக்டர், நான் பாடுறேன்," என்று மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தான். டாக்டர் விடவில்லை. ஒருவர் இழுக்க, இன்னொருவர் இழுக்க, மைக் அலறியது. வால்டெமீர் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

ஜாந்தீரா எழுந்தாள். இரக்கம் என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள். அது அவளுடைய சொந்த மைக். கம்பி பிய்ந்தால் புதிது அவள்தான் வாங்க வேண்டும்.

கிதாருடன் போய் இருவருக்கும் நடுவில் நின்றாள். கிதாருக்கென்று வைத்திருந்த இன்னொரு மைக்கில், நிதானமாக, "நண்பர்களே, ஒரு முக்கியமான விஷயம்," என்றாள். "இன்னிக்கு நம்ம நொனாட்டோ அண்ணனுக்குப் பிறந்தநாள். சொல்லவே மாட்டேங்கிறாரு, கூச்சம்."

நொனாட்டோ பிறந்தது அக்டோபரில். ஆனால் எண்பது பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்து வாழ்த்துப் பாடும்போது தேதியைத் திருத்துகிற குடிகாரனை ஜாந்தீரா இதுவரை சந்திக்கவில்லை. அவன் கை மைக்கை விட்டது. சட்டையைச் சரிசெய்துகொண்டான். இரண்டாவது சுற்றில் கண் கலங்கியது. மூன்றாவதில் கைப்பைக்காரப் பெரியம்மாவின் தோளில் சாய்ந்து, "அம்மா போனதுக்கப்புறம் யாருமே ஞாபகம் வெச்சுக்கல," என்று அழுதான். அவள் அவனைத் தட்டிக்கொடுத்தபடியே தன் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "போன பிப்ரவரியில எனக்கும் பிறந்தநாள்னு சொன்ன," என்றார் மெல்ல. "ஆகஸ்டுலயும். நீ தெரியாம சொல்றேன்னு நெனச்சு நான் திருத்தல. உன் மனசு நோகக் கூடாதுன்னு."

"எட்டு தடவ டாக்டர்," என்றாள் ஜாந்தீரா, கிதாரைச் சுதி சேர்த்துக்கொண்டே. "மைக்கக் குடுங்க."

கொடுத்தார்.

அவர் பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாகக் கோப்பில் அடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முற்றத்தைக் கடந்தார். ஸுல்மீரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். செவ்வாய்க்கிழமை வால்டெமீருக்குப் பல் வந்தது. அன்றைக்கே ஜாந்தீராவுக்கு ஃபோன் செய்து, விசில் இல்லாத சுத்தமான குரலில், சனிக்கிழமை முழுசும் அவளுடையதுதான், எப்போதும் அவளுடையதாகத்தான் இருந்தது என்று தெரிவித்தார்.

மூன்று வாரம் டாக்டரைக் காணோம். நாலாவது வாரம் வந்தார். ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்தார். ஜாந்தீரா பாட ஆரம்பித்தாள். பின் மேஜையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். டாக்டர் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "உஷ்," என்றார். பரிசாரகன் தட்டை வைத்தான். "உஷ்." ஒரு குழந்தை தும்மியது. அதற்கும் "உஷ்". ஒரு பல் டாக்டரின் முறைப்புக்கு எதிராகப் பேச அந்த வட்டாரத்தில் யாருக்குத் துணிச்சல். அரை மணி நேரத்தில் முற்றமே அடங்கிவிட்டது. ஜனங்கள் மெல்லுவதற்கே யோசித்தார்கள். யாரும் இரண்டாவது பீர் கேட்கவில்லை.

மதுக்கடையில் அமைதி கேட்கிறவனை எப்படிச் சமாளிப்பது என்பது ஜாந்தீராவின் பத்தொன்பது வருடப் படிப்பில் எங்கேயும் வரவில்லை. அந்த நிசப்தத்தில் அவளுடைய கிதாரின் மூன்றாவது தந்தி லேசாக நடுங்குவது அவளுக்கே கேட்டது. மேல் ஸ்தாயியில் குரலில் ஒரு கீறல் இருந்ததும் கேட்டது. இவ்வளவு நாளும் இதெல்லாம் தட்டுச் சத்தத்துக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

"யாராவது குடிச்சா தேவலை," என்று பெலார்மினோ முணுமுணுத்தான்.

இடைவேளையில் அவள் டாக்டர் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"டாக்டர், இது மாதா கோயில் இல்ல. ஜனங்க பேசத்தான் வருவாங்க."

"பேசிக்கிட்டே இருந்தா உன் பாட்டு எப்படிக் கேக்கும்?"

"எல்லாருக்கும் கேக்கணும்னு அவசியமில்ல."

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அங்க நின்னப்போ," என்றார், "ஒரே ஒரு ஆளு என்னைப் பார்த்திருந்தா போதும்னு இருந்துச்சு. ஸுல்மீரா பார்த்தா. அவ முகத்த என்னால பார்க்க முடியல." மூடியை மறுபடி இறுக்கினார். "நீ எப்படி வாரா வாரம் நிக்கிறே?"

கையிலிருந்த கேலிகளில் எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ஜாந்தீரா அவருடைய தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"உங்க நெத்தியப் பார்த்துப் பாடுவேன்," என்றாள். "கேளுங்க டாக்டர். நீங்க மட்டும் கேளுங்க. மத்தவங்கள விட்டுடுங்க."

அவர் தலையாட்டினார். "உன்னோட பாட்டு ஒண்ணு இருந்துச்சே, அதையே பாடேன்."

"தப்பா எழுதினதையா?"

"ஆமா. முழுசா கேக்கல நான்."

அவள் மேடைக்குத் திரும்பியபோது வாசலில் பதினைந்து பேர் கொண்ட ஒரு கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது. கால்பந்து மைதானத்திலிருந்து நேராக வந்தவர்கள், தோற்றுவிட்டு வந்தவர்கள், ஒருவன் கையில் ஊதுகுழல் வேறு. வால்டெமீர் புதுப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவர்களை வரவேற்றார். மேஜைகள் இழுபட்டன, குவளைகள் வந்தன, ஊதுகுழல் ஒருமுறை பிளிறியது. டாக்டர் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் மட்டும் பார்த்தார்.

ஜாந்தீரா ஒலியை இரண்டு புள்ளி கூட்டிவிட்டுத் தன் பாட்டைத் தொடங்கினாள்.